இடது பக்க ஷாக்கில் காற்று

வண்டி கவிழ்ந்து கிடந்தது. நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ரிமோட்டில் விசையை விட்டுவிட்டேன். ஆனாலும் அவை நிற்க இரண்டு மூன்று நொடி ஆனது.

மூன்றாவது மேடு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. காற்றிலும் நேராகத்தான் பறந்தது. தரையைத் தொட்டதும்தான் இடது பக்கம் ஒரு துள்ளு துள்ளி, வலது பக்கமாகச் சாய்ந்து, அப்படியே குப்புற விழுந்தது. காலையிலிருந்து இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே மேடு, அதே சாய்வு.

மேட்டுக்குப் பக்கத்தில் என் கூட்டாளி சுடலைமுத்து தரையோடு தரையாகப் படுத்திருந்தான். கன்னத்தைச் செம்மண்ணில் ஒட்டவைத்து, வண்டி இறங்குகிற இடத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்தபோது பாதி முகம் சிவப்பாக இருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"என் சைடுதான்," என்றான். "ரைட்டு உக்காந்துருது. மறுக்கா பிரிக்கணும்."

வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்துவிட்டான். நான் ரிமோட்டோடு வெயிலில் நின்றேன். 'என் சைடுதான்' என்று அவன் சொன்னால் மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு மட்டும் அப்படி இல்லை.

இந்தப் பத்தியில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதிய வாரம் சிரித்துக்கொண்டே எழுதினேன். நீங்களும் சிரித்ததாகக் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் அப்படி இருக்காது. இதை எழுதலாமா என்று சுடலையிடமே கேட்டேன். எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டான்.

முழங்கை நீள வண்டி

வண்டி என்றால் நீங்கள் நினைக்கிற வண்டி இல்லை. ரிமோட்டில் ஓடுகிற பந்தய ட்ரக். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மேடு பள்ளத்தில் தாவி ஓடுவதற்கென்றே செய்தது. என் மனைவி ஸ்டெல்லா அதைப் பொம்மை என்றுதான் சொல்வாள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வாலாஜாபாத் ரோட்டில் பாலாஜி அண்ணன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். ஜீப் வைத்துக்கொண்டு காடு மேடு என்று சுற்றுகிறவர்களுக்கு சஸ்பென்ஷன் மாற்றிக் கொடுப்பார். பட்டறைக்குப் பின்னால் காலி மனை. அதில் செம்மண் கொட்டி மேடு கட்டி, கறுப்பு பிளாஸ்டிக் பைப்பை நெடுக்க வெட்டி ஓரம் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சின்ன ட்ரக்குகளுக்குப் பந்தயம் விடுவார். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள்தான். வாரத்தில் ஆறு நாள் பெரிய வண்டி செய்தும் ஆசை அடங்காதவர்கள்.

அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்த அன்றைக்கு எனக்கு வாய் பிளந்துவிட்டது. குலுக்கலைத் தாங்குகிற நாலு ஷாக் அப்சார்பர், ஒவ்வொன்றும் என் நடுவிரல் அளவு. அதற்குள் நிஜமான பிஸ்டன். பிஸ்டனில் ஊசி நுழைகிற ஓட்டைகள். சுற்றிலும் எண்ணெய். எண்ணெய்க்கு நம்பர் உண்டு, நம்பர் ஏற ஏறக் கெட்டி. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வளையம். அதை அரைச் சுற்று திருகினால் வண்டியின் உயரம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறும். கண்ணுக்குத்தான் தெரியாது, வண்டிக்கு நன்றாகத் தெரியும். முன்னால் மூக்கு இடித்து இறங்கிக்கொண்டிருந்த வண்டி, அந்த அரைச் சுற்றுக்குப் பிறகு நாலு காலையும் ஒன்றாக ஊன்றி இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வண்டி காற்றில் இருக்கும்போது விசையை அழுத்தினால் மூக்கைத் தூக்கும். பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும். தொட்டுக்கொள்ளத் தரையே இல்லாத இடத்தில், சக்கரம் சுற்றுகிற வேகம் ஒன்றை வைத்தே முழு வண்டியும் தலையை ஆட்டுகிறது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று வேறு எதுவும் செய்யாமல் அதையே செய்துகொண்டிருந்தேன். கடைசியில் பாலாஜி அண்ணன் வந்து பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டார்.

இதிலெல்லாம் சுடலைதான் ராஜா. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்வான். மூன்று சுற்று ஓட்டச் சொல்லிப் பார்ப்பான். சரியில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுவான். சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்குச் சரியாக இருந்த வண்டி பன்னிரண்டு மணிக்குத் தொம் தொம்மென்று குதிக்கும். எண்ணெய் சூட்டில் இளகிவிடும் என்று முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். புறங்கையை ஷாக்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு ஒரு நம்பர் கெட்டியான எண்ணெய் ஊற்றுவான். பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அவன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ட்ரக், பாலாஜி அண்ணன் உடைசல் என்று எங்கள் தலையில் கட்டியது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருந்த சுடலையின் ரூமில் அதைப் பிரித்துப் போட்டோம். வண்டியின் மூக்கு ஜன்னலைப் பார்த்து இருந்தது. நான் இடது பக்கம் உட்கார்ந்தேன், அவன் வலது பக்கம் உட்கார்ந்தான். பேசி வைத்துக்கொள்ளவில்லை. இடது பக்கத்து இரண்டு ஷாக்கும் நான் பூட்டினேன், வலது பக்கத்து இரண்டும் அவன் பூட்டினான். எண்ணெய் நம்பர், வளையத்தின் அளவு எல்லாம் அவன் சொல்வான், நான் என் பக்கத்தில் செய்வேன். என் பக்கத்தை அவன் தொடவே மாட்டான்.

இதைக் கேட்டுப் பந்தயத்துக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு முழங்கை நீள வண்டிக்குப் பக்கத்துக்கு ஒரு ஆளா என்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. வேறு எப்படிச் செய்வது என்றே எங்களுக்குத் தெரியாது.

நடுவில் ஒரு கார்

ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நானும் சுடலையும் நாலு வருஷம் அசெம்பிளி லைனில் ஒரே ஸ்டேஷனில் நின்றோம். நெஞ்சு உயரத்தில் கார் தொங்கிக்கொண்டு வரும். முன் சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கையை போல்ட் போட்டு, கன் என்கிற கருவியால் முடுக்கவேண்டும். இடது பக்கம் நான், வலது பக்கம் அவன். எல்.எச்., ஆர்.எச். என்றுதான் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிடுவார். டேவிட் என்று எனக்குப் பெற்றோர் வைத்த பெயரை அங்கே முதல் ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை.

நாலு வருஷமும் எங்கள் நடுவில் ஒரு கார் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று. வேலை நேரத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. காருக்கு அடியில் அவன் ஷூ தெரியும். சக்கரம் வருகிற வளைவு வழியாக எப்போதாவது கை தெரியும்.

அடுத்தவன் பக்கத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். எதிர்ப்பக்கத்தில் போல்ட் தொங்கிக்கொண்டே போனாலும், கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாமே தவிர, நாம் கை வைக்கக்கூடாது. வைத்தால் யார் முடுக்கியது என்று பிறகு தெரியாமல் போய்விடும். அந்தச் சட்டம் எங்கள் உடம்பிலேயே ஊறிவிட்டது.

ஆனால் காதுக்குச் சட்டம் இல்லை. ஒரு நாள் டீ பிரேக்கில் சுடலை என்னிடம் வந்து, காய்ச்சலா என்று கேட்டான். எப்படித் தெரியும் என்றேன். உன் கன் சத்தம் காலையிலிருந்து கால் நொடி பிந்தி வருகிறது என்றான். எனக்கு அன்று நூற்று இரண்டு டிகிரி. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. அந்தக் கூச்சல் நிறைந்த இடத்தில், ஒரு காருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒருத்தன் என் காய்ச்சலைக் காதால் கேட்டிருக்கிறான். நான் அவனையே பார்த்துக்கொண்டு டீயை ஆறவிட்டேன்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் அவன் ஊர். பேச்சிலேயே தெரியும். நான் பேசுவதை அவன் கிண்டல் செய்வான், அவன் பேசுவதை நான் கிண்டல் செய்வேன். 'இன்னா' என்றால் அவனுக்குச் சிரிப்பு வரும். 'சொல்லுதேன்' என்றால் எனக்கு.

மஞ்சள் கோடு

எங்கள் இரண்டு பேரையும் நிரந்தரமாக்குவதற்குப் பேப்பர் போயிருந்த சமயம். அந்த வாரம் கம்ப்யூட்டரோடு இணைத்த கன் இரண்டும் ரிப்பேருக்குப் போய்விட்டன. அதுவரை கையால் முடுக்குகிற டார்க் ரெஞ்ச் கொடுத்திருந்தார்கள். சரியான இறுக்கம் வந்ததும் அது 'க்ளிக்' என்று சொல்லும். சொன்ன பிறகு போல்ட்டின் மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடவேண்டும். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று என்று அர்த்தம்.

முதலில் க்ளிக், பிறகு கோடு. இதுதான் முறை. நான் என்ன செய்தேன் என்றால், நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலில் எல்லாப் போல்ட்டிலும் கோட்டைப் போட்டுவிட்டு, பிறகு வரிசையாக முடுக்கினேன். பேனாவை எடுத்து வைத்து எடுத்து வைத்து அலுத்துவிட்டது. லைனில் நின்றவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி தெரியும். செய்யாதவர்கள் குறைவு. சுடலை செய்ததில்லை.

ஒரு காருக்குக் கோடு போட்டு, கடைசிப் போல்ட் மட்டும் முடுக்க மிச்சம் இருந்த நேரம், முன்னால் எங்கோ லைன் நின்றது. பத்து நிமிஷம் போல நின்றிருக்கும். மறுபடி ஓடியபோது என் முன்னால் இருந்த காரில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. முடுக்கியாயிற்று என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

கடைசிச் சோதனையில் அது பிடிபட்டது. முன்பக்கக் கீழ்க் கையில் ஒரு போல்ட் விரலால் சுழற்றினாலே சுழல்கிற மாதிரி இருந்ததாம். சோதனை செய்தவர் வேலைக்குப் புதிது. காருக்கு முன்னால் நின்று பார்த்து, அவருடைய வலது கைப் பக்கம் இருந்ததால் 'ரைட்' என்று எழுதிவிட்டார். காரில் இடது வலது என்பது டிரைவர் உட்கார்ந்து பார்ப்பதை வைத்து. முன்னால் வந்து நின்று பார்த்தால் எல்லாம் மாறிப்போகும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேன்டீனுக்குப் போகிற வழியில் அந்தக் காரைப் பார்த்தேன். தனியாக நிறுத்தி ஒருவர் சரிசெய்துகொண்டிருந்தார். இடது முன் சக்கரத்துப் பக்கம் குனிந்திருந்தார். லைன் நின்றபோது என் முன்னால் இருந்த காரின் நம்பர் அது, பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சுடலையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். க்ளிக் கேட்டது சார், எனக்கு நன்றாகக் கேட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பேப்பரைக் காட்டினார்கள். பேப்பரில் ரைட் என்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கதவைத் தட்டி உள்ளே போக எனக்கு ஏழெட்டு அடிதான். போகவில்லை. பயம். ஸ்டெல்லா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். அதைக் காரணமாக எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் ஒட்டவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

நான் நிரந்தரமானேன். சுடலைக்கு ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.

ஆள் உட்காராத வண்டி

அவன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டி ஏற்றுகிற வேலைக்குப் போனான். அந்தக் கையும் காதும் உள்ள ஆள் அட்டைப் பெட்டி ஏற்றினான்.

அதோடு ஒரு பழக்கம் வந்தது அவனுக்கு. எதையும் மூன்று தடவை சரிபார்ப்பான். ரூம் பூட்டு, கேஸ் வால்வு, என் பைக்கின் சக்கர நட்டு. ட்ரக்கில் ஒரு மிளகு அளவு ஸ்க்ரூவை முடுக்கினாலும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பான். பந்தயத்துக்கு வருகிறவர்கள் அதைக் கண்டு மலைப்பார்கள். இவ்வளவு கவனம் எங்கே கற்றாய் என்று கேட்டால் கூச்சமே இல்லாமல் சொல்வான், "நான் ஒருக்கா ஒரு போல்ட்ட விட்டவன்."

அவன் அதைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்றிருப்பேன். எல்லோரும் மெச்சுகிற அந்தக் கவனம் என்னால் வந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்.

பாலாஜி அண்ணன் விவரமானவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுமே சுடலையைப் பட்டறைக்குக் கூப்பிட்டுவிட்டார். இன்னா சுடல, எப்ப வர்ற என்று வாராவாரம் கேட்பார். சுடலை சிரித்து மழுப்புவான். ஒரு நாள் அவர் விடவில்லை. உட்காரவைத்துக் கேட்டார். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஆளு உக்காந்து போற வண்டி வேண்டாம்ணே. இது கவுந்தா நாம சிரிக்கோம். அது கவுந்தா?"

சுடலையே தொடர்ந்தான். ரோட்டில் அந்தக் கம்பெனிக் கார் போனால் அவன் கண் தானாக உள்ளே போய்விடுமாம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தை இருக்கிறதா என்று பார்ப்பானாம். பிடிபட்டது ஒன்று, பிடிபடாமல் போனது எத்தனையோ என்றான். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. அவனோடு சேர்ந்து ட்ரக் ஓட்டியது பிடித்துத்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாதி, அவனை விட்டுப் போக என் மனசாட்சி இடம் கொடுக்காததால்.

மூன்றாவது தடவை

கொட்டகைக்கு வருகிறேன். மதியம் பந்தயம். அண்ணன் தண்ணீர் தெளித்து மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தார். ஈர மண் வாசனை வந்தது.

சுடலை தன் பக்கத்து இரண்டு ஷாக்கையும் கழற்றி, எண்ணெயைக் கொட்டி, புது எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருந்து, மூடி, மூன்று தடவை பார்த்துப் பூட்டினான். முக்கால் மணி நேரம் ஆனது. நான் ஓட்டினேன். மூன்றாவது மேடு. இடது பக்கம் துள்ளியது, வலது பக்கம் சாய்ந்தது, கவிழ்ந்தது.

"என்னமோ செய்யுதேன், பிடிபடல," என்றான். "என் சைடுதான். இன்னொருக்கா பிரிக்கேன்."

அன்று மூன்றாவது தடவையாகப் பிரிக்க உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து வியர்வை ஷாக்கின் மேல் சொட்டியது. அதைத் துடைத்துவிட்டு, குறையே இல்லாத தன் வேலையில் குறை தேட ஆரம்பித்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் மாலை என் பக்கத்து முன் ஷாக்குக்கு எண்ணெய் ஊற்றியபோது ஸ்டெல்லா போன் செய்தாள். குமிழி மேலே வருகிறவரை காத்திருக்காமல் மூடிப் பூட்டிவிட்டேன். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் எண்ணெய் பிடிக்காது. அந்தப் பக்கம் அமுங்கி, துள்ளி எழும். பார்க்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்த மாதிரி தெரியும். கோளாறு இடது பக்கம். வலது பக்கம் சாய்கிறது என்பதால் சுடலை வலது பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் பக்கத்தைத் தொட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது அப்படியே என் கண் முன்னால் மறுபடி நடந்துகொண்டிருந்தது. அன்றைக்காவது நடுவில் கண்ணாடி இருந்தது.

"சுடல, அத்த கீழ வை," என்றேன். "உன் சைடுல ஒண்ணும் இல்ல. என் சைடுதான்."

"ஒன் சைடா?"

"என் சைடுதான். அன்னிக்கும் என் சைடுதான்."

அவனுக்குப் புரியவில்லை. மண்ணில் அவன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கோட்டை முன்னாலேயே போட்டது, லைன் நின்றது, முன்னால் நின்று பார்த்தவர் ரைட் என்று எழுதியது, கேன்டீன் போகிற வழியில் நான் பார்த்தது, கண்ணாடிக்கு வெளியே நின்றது. எதையும் விடவில்லை.

சுடலை தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தபடியே திரும்பி, மறுபடி நீட்டிப் பார்த்தான். முன்னால் நின்று பார்த்தவரின் வலது எது என்று கணக்குப் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு க்ளிக் கேட்டுச்சு, டேவிடு," என்றான். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "அன்னைக்கே சொன்னேன்லா. பேப்பரப் பாத்ததும் எங்காத நானே நம்பாமப் போயிட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் ட்ரக்கைத் திருப்பினான். இடது பக்கம் அவனைப் பார்த்து வந்தது. என் முன் ஷாக்கைக் கழற்றினான். ஏழு வருஷத்தில் என் பக்கத்தை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை. காதோடு வைத்துத் தண்டை ஒரு தடவை அழுத்தினான். பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். மூடியைத் திறந்து, பிஸ்டனை மிக மெல்லக் கீழே இழுத்தான். எண்ணெயின் மேலே ஒரு குமிழி வந்து நின்றது. கடுகு அளவுதான் இருக்கும்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அந்தக் கடுகு அளவு காற்றுதான் ஒரு முழு வண்டியைக் காலையிலிருந்து ஐந்து தடவை குப்புறத் தள்ளியிருக்கிறது. குமிழி உடைந்தது. அவன் எண்ணெயை விளிம்பு வரை நிரப்பி மூடினான்.

ரிமோட்டை எடுத்து அவனே ஓட்டினான். மூன்றாவது மேட்டில் வண்டி எழும்பியது. காற்றில் லேசாக மூக்கைத் தூக்கியது, சமன் செய்துகொண்டது, நாலு சக்கரமும் ஒரே சத்தத்தில் தரையில் உட்கார, அசையாமல் ஓடியது. அவ்வளவு அழகாக ஒரு வண்டி இறங்கி நான் இதுவரை பார்த்ததில்லை. நான் இருந்த நிலையிலும் எனக்கு மயிர்க் கூச்செறிந்தது.

சுடலை ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். அன்று பந்தயத்தில் எங்கள் வண்டி ஓடவில்லை.

இரண்டு மாதம்

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, இவ்வளவு நாள் கழித்து எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். காகிதத்தை ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது.

சுடலை பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டு போவான். ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அந்தச் சமயத்தில் தன்னைக் காரணமாகச் சொல்லியிருக்கிறேன் என்பதற்கு மட்டும் கோபப்பட்டாள். அதுவும் நியாயம்தான்.

அவன் பட்டறையில் சேர்ந்துவிட்டான் என்று பாலாஜி அண்ணன்தான் சொன்னார். வந்த முதல் நாளே, இடது பக்கமும் நானே செய்யட்டுமா என்று கேட்டானாம். இன்னாடா கேள்வி இது என்று அவர் சிரித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போன் வந்தது. நாளைக்குப் பட்டறைக்கு வா என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

போனேன். ஒரு ஜீப் லிஃப்டில் நின்றது. அவன் கையால் முழுசாகச் செய்கிற முதல் வண்டி. மூன்று சக்கரத்துப் பக்கமும் முடிந்து, சக்கரம் பூட்டியிருந்தது. இடது முன் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. கீழ்க் கையில் போல்ட் செருகி, விரலால் சுழற்றிய மட்டில் விட்டிருந்தான். டார்க் ரெஞ்சை என்னிடம் நீட்டினான்.

நான் வாங்கினேன். க்ளிக் வந்தது. அதற்குப் பிறகுதான் கோடு போட்டேன். சக்கரத்தைப் பூட்டினேன், லிஃப்ட் இறங்கியது. பாலாஜி அண்ணன் ஸ்டியரிங்கில் ஏறினார். சுடலை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, முன் சீட்டில் உட்கார்ந்தான். நான் முடுக்கிய போல்ட் அவன் காலுக்குக் கீழே இருந்தது. எதையும் மூன்று தடவை பார்க்கிறவன், அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"ஒரு தபா நீ பாத்துடேன்," என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பெறவென்ன. பின்னால ஏறு."

ஏறினேன். ரோட்டுக்கு வந்து ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.